நாற்பத்து மூன்றாம் பக்கம்

திங்களன்று நூலகத்தில் எடுத்த புத்தகம்
மணலைப் பற்றியது.
மலையில் உடைந்த ஒரு துகள்
கடலுக்கு வந்துசேர எத்தனை காலம் ஆகும் என்று
ஒருவர் முந்நூறு பக்கம் யோசித்திருக்கிறார்.
நான் கோட்டூர்புரத்திலிருந்து சேப்பாக்கம் வரை
பறக்கும் ரயிலில் நின்றபடி
நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.
தண்ணீர் லாரி ரசீதை அடையாளமாக வைத்தேன்.
அதோடு சரி.

செவ்வாய் காலை
அடையாற்றின் வாய் மூடியிருந்தது.
உடைந்த பாலத்துக்குக் கீழே இறங்கி அளந்தோம்.
மணல்திட்டின் அகலம் நூற்றுப் பத்து மீட்டர்.
நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த சிவபாதம்
ஒரு நாயிடம் பேசிக்கொண்டிருந்ததால்
நூற்றுப் பத்து, ஏறக்குறைய.

ஏறக்குறைய என்ற சொல்லை
இரண்டாம் மதிப்பீட்டாளர் ஏற்க மாட்டார்.
ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது எனக்கு.
'கட்டுரையாளருக்கு நதி தெரிகிறது,
முறை தெரியவில்லை' என்று எழுதியவர்.
இரவு பாத்திரம் தேய்க்கும்போது
அவருக்கு மூன்று பதில்கள் சொன்னேன்.
மூன்றும் நல்ல பதில்கள்.
நுரையோடு போய்விட்டன.

மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்து ஐந்து நாள்.
இரண்டு மணிக்கு ஒரு சொட்டு.
அலைபேசி கத்தும்,
எழுதிய வாக்கியம் வினைச்சொல்லுக்கு முன்னால் நின்றுவிடும்.
அண்ணாந்து படுப்பவர் வாயையும் திறப்பார்.
சொட்டு கண்ணுக்குத்தான் மாமா.
தெரியும் தெரியும் என்பார்,
வாயை மூடமாட்டார்.

வியாழன் என்ன நடந்தது என்று நினைவில்லை.
விடைத்தாள் கட்டு ஒன்று குறைந்திருக்கிறது.
ஆகவே வியாழன் நடந்திருக்க வேண்டும்.

வெள்ளி இரவு புத்தகத்தைத் தேடினால்
சாப்பாட்டு மேசையில், தயாபரனின் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே.
என் ரசீது நாற்பத்து மூன்றில்.
நூற்றுப் பன்னிரண்டில் ஒரு மருந்துக்கடை பில்.

நீயா படிக்கிற?
சும்மாதான். ராத்திரி ஷிப்டுல
கடைசி ரயில் போனப்புறம் சிக்னலுக்கு வேலையில்ல.
எப்படியிருக்கு?
நூறுக்கு மேல நல்லாருக்கு. சொல்லட்டுமா?
சொல்லாதே.

பதினோரு வருடத்தில்
அவன் சொல்ல வந்ததை நான் நிறுத்தியது
முதல் தடவை இல்லை.
அவன் சிரித்தது முதல் தடவை.

சனிக்கிழமை மகிழினி
நான்காம் நிலையத்து மணலையும்
ஆறாம் நிலையத்து மணலையும் ஒன்றாகக் கொட்டி
பிளாஸ்டிக் டைனோசருக்கு மெத்தை போட்டிருந்தாள்.
கத்தினேன்.
மதிப்பீட்டாளரிடம் கத்தவேண்டியது,
சிவபாதத்திடமும் அந்த நாயிடமும் கத்தவேண்டியது,
எல்லாம் சேர்த்து ஒரு எட்டு வயதிடம்.
மாமா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து வந்து
சொட்டு நேரமா என்று கேட்டார்.

அவள் அழவில்லை.
என் புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக்கொண்டு
எவர்சில்வர் தட்டின் முன் உட்கார்ந்தாள்.
ஒவ்வொரு மணலாக எடுத்தாள்.
இது நாலு.
இது ஆறு.
இது தெரியல.
சாயங்காலம் வரை மூன்று குவியல்.
தெரியல குவியல்தான் பெரிது.
நான் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸில் பார்த்தேன்.
அவள் நாலு என்று வைத்தவற்றில் சில
உண்மையிலேயே நாலுதான் போலிருந்தன.
எப்படிம்மா தெரிஞ்சுது என்று கேட்டதற்கு
நாலுக்கு மூஞ்சி கோவமா இருக்கு என்றாள்.

ஞாயிறு மத்தியானம்
சிவபாதம் படம் அனுப்பினான்.
பொக்லைன் திட்டை நடுவில் வெட்டியிருக்கிறது.
அத்தனை நாள் தேங்கிய கறுப்புத் தண்ணீர்
வெட்கமில்லாமல் கடலுக்குள் ஓடுகிறது.
என் நூற்றுப் பத்து மீட்டர்
இப்போது எங்கும் இல்லை.

மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
'நாங்கள் அளந்த அன்று' என்று ஆரம்பித்து,
சொட்டு மருந்துக்கு இருமுறை எழுந்து,
பத்தரைக்குள் ஒரு பக்கம்.
அதில் ஏறக்குறைய என்பதை
நான்கு இடங்களில் அடிக்காமல் விட்டேன்.

திங்கள், பறக்கும் ரயில்.
பையில் புத்தகம் இல்லை.
தயாபரன் கோயம்பேட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறான்.
மாதிரிப் பைகள் மட்டும் இருந்தன, மூன்று.
மூன்றாவதில் கிரேயானில்
தேதி, ஆற்றின் பெயர்,
நிலையத்துக்கான கட்டத்தில்
கவனமாக, ஒற்றெழுத்துக்குப் புள்ளி வைத்து,
தெரியல்
என்று எழுதியிருந்தது.